பீடத்தைத் தொட்டால் ஜிவ்வென்று

செல்லதுரை: ...பிரிட்ஜ்ல ஒரு குத்தமும் இல்ல மாமி. நாலு பக்கமும் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன்.

விசாலாக்ஷி: மெதுவாப் பேசு செல்லதுரை. பிரிட்ஜ் நன்னாத்தான் இருக்கு. நேக்குத் தெரியும்.

செல்லதுரை: தெரியுமா? அப்ப எதுக்கு பிரிட்ஜ்ல ஷாக் அடிக்குன்னு போன் பண்ணுனீங்க? சுள்ளிக்கல்ல ஒரு வீட்டுல பாதி வயரை உருவிப் போட்டுட்டு வந்திருக்கேன். அந்தச் சேச்சி இப்ப மிக்சி ஓடலன்னு என்னைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.

விசாலாக்ஷி: பிரிட்ஜுன்னு சொன்னாத்தான் எங்காத்து மாமா உன்னை உள்ளே விடுவார். கேடு பூஜை முறியிலே.

செல்லதுரை: பூஜை ரூம்ல என்ன கேடு?

விசாலாக்ஷி: கிருஷ்ணர் ஷாக் அடிக்கறார்.

செல்லதுரை: ...யாரை?

விசாலாக்ஷி: மாமாவை மட்டும். அவர் குளிமுறியிலே இருக்கார். வெள்ளம் விழற சத்தம் கேக்கறதோல்லியோ, அது நிக்கற வரைக்கும்தான் நமக்கு டைம்.

செல்லதுரை: முதல்லேர்ந்து சொல்லுங்க. வேகமா சொல்லுங்க.

விசாலாக்ஷி: ஒன்றரை மாசமா நடக்கறது. தெனமும் காலம்பற குளிச்சுட்டு, ஈர வேஷ்டியோட வந்து, கிருஷ்ணருக்கு ஒரு சொம்பு ஜலம் அபிஷேகம் பண்ணிட்டு, பித்தளைப் பீடத்தைத் தொடுவார். தொட்டதும் ஜிவ்வுன்னு முழங்கை வரைக்கும் ஏறறதாம். சாந்நித்யம் வந்துடுத்துங்கறார். பகவான் கையைப் பிடிச்சு இழுக்கறாராம்.

செல்லதுரை: பகவானா... பீடத்தைச் சுத்தி அது என்ன மாமி, கலர் கலரா?

விசாலாக்ஷி: சீரியல் பல்பு. எர்ணாகுளம் பிராட்வேயிலேர்ந்து போன விஷுவுக்கு வாங்கிண்டு வந்தார். திருவாசியிலே சுத்தி வெச்சார். அவிழ்க்கவே இல்லே.

செல்லதுரை: அது மேலதான் தெனம் சொம்பு சொம்பா தண்ணியா? போதும். கேஸ் முடிஞ்சுது.

விசாலாக்ஷி: முடியலே. நாளைக்கு சனிக்கிழமை. மாடியாத்து ஜெயலக்ஷ்மி தெருவெல்லாம் சொல்லிட்டா. இருபது பேர் வரா. எல்லாரும் குளிச்சு ஈரத்துணியோட வந்து, ஆளுக்கு ஒரு சொம்பு ஜலம் விட்டுட்டு, பீடத்தைத் தொடப் போறா. அதுலே சுப்புராஜுக்கு நெஞ்சுலே ஸ்டென்ட் வெச்சிருக்கு. நேக்கு ராத்திரி தூக்கமே இல்லே, கேட்டியா?

செல்லதுரை: கையில என்ன மாமி, அவ்வளவு நீளக் கம்பு? எலி அடிக்கவா?

விசாலாக்ஷி: மடிக்கோல். மடித்துணியைக் கையால தொடாம ஒசரக் கொடியிலே உணர்த்தறதுக்கு. மாமா அந்த விஷயத்துலே கறார். குளிச்சு வந்துட்டார்னா பூஜை முடியற வரைக்கும் என்னையே தொட விட மாட்டார்.

செல்லதுரை: அதைப் பூஜை ரூமுக்கு ஏன் கொண்டாந்தீங்க?

விசாலாக்ஷி: ஒரு பழக்கம்... அய்யோ, வெள்ளம் நின்னுடுத்து. பிரிட்ஜ் பக்கம் போய் நில்லு.

பிச்சுமணி: விசாலம், ஆர் அது சமையக்கட்டுலே?

விசாலாக்ஷி: எலக்ட்ரீஷியன் செல்லதுரைண்ணா. தென்காசிக்காரன், கொச்சங்காடியிலே கடை வெச்சிருக்கான்னு சொன்னேனே. பிரிட்ஜ் பார்க்க வந்திருக்கான்.

பிச்சுமணி: பிரிட்ஜ் அங்கேன்னா இருக்கு, அவன் என்னத்துக்கு பூஜை முறியை எட்டிப் பார்க்கறான்? தள்ளி நில்லுப்பா. நான் மடியா இருக்கேன். மேலே பட்டுடாதே.

செல்லதுரை: நான் படல சார். நீங்க அந்தப் பீடத்துல பட்டுடாதீங்க.

பிச்சுமணி: என்ன சொன்னே?

செல்லதுரை: அது கரண்டு சார். சாமி இல்ல.

பிச்சுமணி: விசாலம், பிரிட்ஜுன்னு சொல்லித்தானே இவனை...

விசாலாக்ஷி: ரெண்டு நிமிஷம் அவன் சொல்றதைக் கேளுங்கோ. அப்புறம் என்னைத் திட்டிக்கலாம்.

பிச்சுமணி: கரண்டுன்னா எல்லாருக்கும் அடிக்கணுமோல்லியோ? ஜெயலக்ஷ்மி தொட்டா, ஒண்ணுமில்லே. இவ தொட்டா, ஒண்ணுமில்லே. நேக்கு மட்டும் ஏன்?

செல்லதுரை: அவங்க எதுல நின்னு தொட்டாங்க?

விசாலாக்ஷி: பலகையிலே. சாப்பிட உக்கார்ற பலாப்பலகை இருக்கே, அதுலே. நான்தான் கொண்டுவந்து போட்டேன்.

செல்லதுரை: காஞ்ச பலகை, காஞ்ச கை, காஞ்ச சேலை. கரண்டுக்கு வழியே கிடையாது. சார் ஈர வேஷ்டி, ஈரக் கை, வெறுங்கால், ஈரத் தரை. நேரா உள்ள வந்து கால் வழியா இறங்கிப் போயிடுது.

பிச்சுமணி: நான் சொல்றதும் அதுதானே. மடியா வந்தவாளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

செல்லதுரை: சார், ஒரு சந்தேகம். உங்களை யாரும் தொட்டா மடி போயிரும், இல்லா?

பிச்சுமணி: போயிடும். திரும்பக் குளிக்கணும்.

செல்லதுரை: இந்த கரண்டு எங்கேர்ந்து வருது? முக்குல நிக்க டிரான்ஸ்பார்மர்லேர்ந்து. அதே லைன்லதான் எதுத்தாப்ல மீன்கடை ஐஸ்பெட்டி ஓடுது. பக்கத்து பார்பர் ஷாப் மிஷினு ஓடுது. பிரியாணிக்கடை கிரைண்டர் ஓடுது. எல்லாத்தையும் தொட்டுட்டு வந்து உங்க கையைப் பிடிக்குது. அப்ப மடி என்னாவும்?

பிச்சுமணி: ...விசாலம், இவன் என்ன பேசறான்?

விசாலாக்ஷி: நியாயமாத்தான் பேசறான். ஒன்றரை மாசமா மத்தி மீனோட கை குலுக்கியிருக்கேள்.

பிச்சுமணி: கரண்டு அக்னி மாதிரி. அக்னிக்கு தோஷம் இல்லே.

செல்லதுரை: அக்னிதான் சார், ஆளைச் சுட்டுடும். இருங்க, மீட்டர் வச்சுக் காட்டுதேன். இந்த ரெண்டு ஊசியையும் ரெண்டு கையில பிடிக்கணும். உடம்பு கரண்டை எவ்வளவு தடுக்குன்னு நம்பர் வரும். மாமி, நீங்க முதல்ல பிடிங்க.

விசாலாக்ஷி: இது ஷாக் அடிக்காதே?

செல்லதுரை: சின்ன பேட்டரிதான். ...ஒம்பது லட்சம். நல்ல நம்பரு. இப்ப நான். பதினாலு லட்சம்.

பிச்சுமணி: உனக்கு எப்படி ஜாஸ்தி?

செல்லதுரை: இருபது வருஷமா வயர் இழுத்த கை சார். காய்ச்சுப் போயி தோல் தடிச்சுக் கிடக்கு. தோல்தான் காவல்காரன். இப்ப நீங்க பிடிங்க.

பிச்சுமணி: நீ தொட்ட ஊசியை நான் எப்படிப் பிடிக்கறது?

செல்லதுரை: கீழ வைக்கேன். நீங்களே எடுத்துக்கோங்க.

பிச்சுமணி: ஒரு உத்தரணி ஜலம் தெளிச்சுட்டு எடுத்துக்கறேன்.

செல்லதுரை: சார், மீட்டர் மேல ஊத்தாதீங்க... ஊசி மேல மட்டும்... சரி விடுங்க. பிடிங்க. ...முப்பதாயிரம்.

பிச்சுமணி: எத்தனை லட்சம்?

செல்லதுரை: லட்சமே இல்ல. வெறும் முப்பதாயிரம்.

பிச்சுமணி: மூணு பேர்லே நான்தான் கடைசியா?

விசாலாக்ஷி: எஸ்.எஸ்.எல்.சி.க்கு அப்புறம் இப்போதான்.

பிச்சுமணி: நீ சும்மா இரு. ஏன்ப்பா, தடை கம்மின்னா நல்லதுதானே? பகவானுக்கு முன்னாலே நான் தடுக்கறதே இல்லேன்னு அர்த்தம். சரணாகதி.

விசாலாக்ஷி: இருபத்தெட்டு வருஷமா நான் சொன்ன எதுக்கும் நீங்க தடுக்காம இருந்ததில்லே. அங்கே லட்சம் கோடின்னு காட்டும்.

செல்லதுரை: சார், சிரிக்காம கேளுங்க. தோல் காஞ்சிருந்தா லட்சக்கணக்குல தடுக்கும். நனைஞ்சா காவல்காரன் வேலையை விட்டுட்டுப் போயிருவான். இந்தச் சின்ன பேட்டரிக்கே முப்பதாயிரம்தான் காட்டுது. வீட்டு கரண்டு எரநூத்து முப்பது வோல்ட்டு. அந்த அடிக்கு நனைஞ்ச தோல் நிக்காது. உள்ள சதையும் ரத்தமும் தடுக்கறது ஏறக்குறைய ஆயிரம்தான். கையில ஏறி கால்ல இறங்கற வழியில நெஞ்சு இருக்கு.

பிச்சுமணி: ஆனா எனக்கு வர்றது சின்னதா ஒரு ஜிவ்வுதானே. எறும்பு ஊர்ற மாதிரி.

செல்லதுரை: வயர் இன்னும் முழுசா விடல. உப்புக்காத்துல தோல் வெடிச்சு, ஈரம் வழியா கொஞ்சமாக் கசியுது. அதான் எறும்பு. என்னைக்கு அந்த வெடிப்பு இன்னும் கொஞ்சம் விட்டு, செம்புக்கம்பி பீடத்துல படுதோ, அன்னைக்கு எறும்பு இல்ல சார், யானை. கை தானா இறுக்கிப் பிடிச்சுக்கும். விடணும்னு நினைச்சாலும் விட முடியாது. நாளைக்கு இருபது சொம்பு தண்ணின்னா... நான் என்ன சொல்ல.

பிச்சுமணி: ...அவ்வளவா?

செல்லதுரை: அவ்வளவு.

விசாலாக்ஷி: பல்பைக் கழட்டச் சொல்லுங்கோண்ணா. கையெடுத்துக் கும்பிடறேன்.

பிச்சுமணி: இரு... இருங்கோ. இவன் சொல்றது செரின்னா தெனமும் அடிச்சிருக்கணுமே. நடுவிலே ரெண்டு செவ்வாய்க்கிழமை ஒண்ணுமே வரலே. என்ன அபசாரம் பண்ணினேனோன்னு நான் காலம்பற சாப்பிடவே இல்லே. இவளைக் கேளு.

விசாலாக்ஷி: ...அன்னிக்கு நான்தான் ப்ளக்கைப் பிடுங்கி வெச்சேன்.

பிச்சுமணி: நீயா பிடுங்கினே? நான், அது தானா லூஸாயிடுத்துன்னுன்னா நினைச்சு, திரும்ப அமுக்கி விட்டேன்.

செல்லதுரை: ...சார்.

பிச்சுமணி: என்ன?

செல்லதுரை: சாமி வரலன்னா ப்ளக்கை ஏன் சார் பாத்தீங்க?

பிச்சுமணி: ...பல்பு எரியலே. அதனாலே பார்த்தேன்.

விசாலாக்ஷி: பல்பு சாயங்காலம்தான் எரிய விடுவோம். காலம்பற சுவிட்சைப் போடறதே இல்லையே.

செல்லதுரை: சுவிட்ச் போடாமலே ஷாக்கா? அப்ப சுவிட்ச்ல வயர் மாறிக் கிடக்கு. அதையும் பாக்கணும். மெயின் போர்டு எங்க இருக்கு?

பிச்சுமணி: போர்டெல்லாம் என்னத்துக்கு? பல்பைக் கழட்டிட்டுப் போயேன்.

விசாலாக்ஷி: வாசக்கதவுக்குப் பின்னாலே இருக்கு. நீ போய்ப் பாரு.

செல்லதுரை: எனக்கு முதல்லேர்ந்தே ஒரு உறுத்தல் மாமி. ஷாக் அடிச்சா தானா விழுந்து கரண்டை நிறுத்துற ஒரு சுவிட்ச் உண்டு. இ.எல்.சி.பி. இந்த வீட்டுல நானே பாத்திருக்கேன். அது உசுரோட இருந்தா எப்பவாவது விழுந்திருக்கணும். ...இதோ. அய்ய. யாரு பாத்த வேலை இது?

விசாலாக்ஷி: என்ன ஆச்சு?

செல்லதுரை: அது வேலையே செய்யக்கூடாதுன்னு தனியா வயர் போட்டு பைபாஸ் பண்ணி வச்சிருக்கு. வாட்ச்மேனைக் கட்டிப் போட்டுட்டுக் கதவைத் திறந்து வச்ச மாதிரி. யாரு பண்ணுனது?

பிச்சுமணி: பழைய எலக்ட்ரீஷியனா இருக்கும். தங்கதுரைன்னு ஒருத்தன்.

செல்லதுரை: தங்கதுரை அண்ணாச்சி கத்தாருக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த டேப்பு பளபளன்னு புதுசா இருக்கு. சிவப்பு டேப்பு.

விசாலாக்ஷி: சிவப்பா?

செல்லதுரை: சிவப்புதான். மேல பூப்போட்டு.

விசாலாக்ஷி: பூப்போட்ட சிவப்பு டேப்... ஏண்ணா, உங்க குடைப்பிடி உடைஞ்சப்போ ஒரு டேப் சுத்தினேளே.

பிச்சுமணி: அதே டேப்பா இருக்கணும்னு இல்லே. கடையிலே எத்தனையோ பேர் வாங்கறா.

செல்லதுரை: குடை இங்கதான் தொங்குது சார். அதே பூ.

செல்லதுரை: சார், இதை எப்படிப் பண்ணுனீங்க? நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேக்கேன். உசுரோட இருக்கீங்களே.

பிச்சுமணி: போன்லே ஒருத்தன் மலையாளத்துலே சொல்லிக் குடுத்தான். மெயினை ஆஃப் பண்ணிட்டு, ரப்பர் செருப்பு போட்டுண்டுதான் பண்ணினேன்.

விசாலாக்ஷி: ரப்பர் செருப்பா? அப்போ... அப்போ உங்களுக்குத் தெரியும்.

பிச்சுமணி: முதல் மூணு நாள் தெரியாது. சத்தியமா பகவான்னுதான் நினைச்சேன். நாலாம் நாள் தொட்டேன், டப்புன்னு வீடு பூரா கரண்டு போச்சு. சுவிட்சைத் தூக்கி விட்டுட்டுத் திரும்பத் தொட்டேன். திரும்ப டப்பு. மூணாந்தடவையும் டப்பு. அப்புறம் எந்த முட்டாளுக்கும் தெரிஞ்சு போகும்.

செல்லதுரை: வீட்டுல மோட்டார் கொஞ்சம் கசிஞ்சிருக்கும், கீசர் கொஞ்சம் கசிஞ்சிருக்கும். நீங்க தொட்டதும் அளவு நிறைஞ்சு விழுந்திருக்கு. அது உங்களைக் காப்பாத்தத்தான் சார் விழுந்துச்சு. அதோட வாயைக் கட்டிட்டீங்களே.

விசாலாக்ஷி: நாளைக்கு இருபது பேரைக் கூப்பிட்டிருக்கேளே, தெரிஞ்சுண்டேவா?

பிச்சுமணி: நான் எங்கே கூப்பிட்டேன்? ஜெயலக்ஷ்மி கூப்பிட்டா. நான் விடிஞ்சதும் ப்ளக்கைப் பிடுங்கிடலாம்னு இருந்தேன். அவா தொடுவா, ஒண்ணும் வராது. உங்களுக்கெல்லாம் மடி பத்தலேன்னு சொல்லி பாயசம் குடுத்து அனுப்பிடலாம்னு.

செல்லதுரை: நல்ல ப்ளான் சார். சாமியே அசந்து போயிருப்பாரு.

விசாலாக்ஷி: அவாளுக்கு மட்டும் பிடுங்குவேளாம். உங்களுக்கு? அது ஆபத்துன்னு தோணவே இல்லையா?

பிச்சுமணி: சின்ன ஜிவ்வுதானேன்னு இருந்தேன். யானை வரும்னு இவன் இன்னிக்குத்தானே சொல்றான். ஒரு நாற்காலி போடு.

விசாலாக்ஷி: ஈர வேஷ்டியோட உக்காராதீங்கோ. முதல்லே போய் மாத்திண்டு வாங்கோ. என்னத்துக்கு இப்படி ஒரு காரியம்? தெரு மாமிகளெல்லாம் வந்து கும்பிடறதுக்கா?

பிச்சுமணி: தெரு மாமிகளுக்காக இல்லே.

விசாலாக்ஷி: பின்னே?

பிச்சுமணி: செல்லதுரை, நீ கொஞ்சம் வெளியிலே...

செல்லதுரை: நான் பல்பைக் கழட்டிக்கிட்டு இருக்கேன் சார். காது கேக்காது. சொல்லுங்க.

பிச்சுமணி: இருபத்தெட்டு வருஷமா நான் பூஜை பண்றேன். ஒரு நாளாவது நீ வந்து நின்னிருக்கியா? குக்கர் விசில்ம்பே, பொண்ணு ஸாதனாவோட போன்ம்பே. மணியை நான் அடிச்சுண்டு கற்பூரத்தையும் நானே காட்டிண்டு... அந்த ஜிவ்வைப் பத்தி உன்கிட்டே சொன்ன மறுநாள்லேர்ந்து, ஆறரை மணியானா சாயாவை அடுப்புலே அப்படியே விட்டுட்டு ஓடி வந்து பின்னாலே நிக்கறே. கண்ணைக்கூட இமைக்காம என்னையே பார்த்துண்டு நிக்கறே. ஜோலி விட்டப்புறம் என்னை யாருமே அப்படிப் பார்த்ததில்லே, விசாலம். அது நின்னு போயிடுமேன்னுதான் அந்தச் சுவிட்சைக் கட்டினேன். போறுமா?

செல்லதுரை: மாமி, இங்க பாருங்க. அவரு கண்ணு கலங்கியிருக்கு.

பிச்சுமணி: காது கேக்காதுன்னு சொன்னியே.

செல்லதுரை: கண்ணு தெரியுதுல்லா சார்.

விசாலாக்ஷி: ஏண்ணா, நான் பின்னாலே வந்து நின்னப்போ என் கையிலே என்ன இருந்துதுன்னு பார்த்தேளா?

பிச்சுமணி: இதோ, இந்த மடிக்கோல்தான். துணி உணர்த்திண்டிருந்தவ பக்தியிலே அப்படியே ஓடி வந்துட்டேன்னு நினைச்சேன்.

விசாலாக்ஷி: ஆறரை மணிக்கு எந்தத் துணியை உணர்த்தறது? உங்க வேஷ்டி உங்க இடுப்பிலேன்னா ஈரமா இருக்கும்.

செல்லதுரை: மாமி... கரண்டுல ஒட்டிக்கிட்டவங்களைக் கையால தொடக்கூடாது, காஞ்ச கம்பாலதான் தள்ளணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?

பிச்சுமணி: என்ன சொல்றான் இவன்? விசாலம்?

விசாலாக்ஷி: ரேஷன் கடைச் சுவர்லே படம் போட்டு ஒட்டியிருந்தது. நீங்க ஜிவ்வுன்னு சொன்ன அன்னிக்கே நேக்கு கரண்டுன்னு தோணிடுத்து. ஆனா ஜோலி விட்டப்புறம் உங்க மூஞ்சி சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன். கரண்டுன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு தடவை ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், நீங்க பட்டினி கிடந்தேள். செரி, கோலோட பின்னாலே நின்னுக்கலாம், ஒட்டிண்டார்னா ஓங்கித் தள்ளி விட்டுடலாம், மடியும் கலையாதுன்னு இருந்துட்டேன். நாளைக்கும் வந்து நிப்பேன், கவலைப்படாதீங்கோ, கையிலே கோல் இருக்காது, அவ்வளவுதான். இவனை என்னத்துக்கு இன்னிக்குக் கூப்பிட்டேன்னு நினைக்கறேள்... ஒத்தைக் கோலை வெச்சுண்டு இருபது பேரை நான் எப்படித் தள்ளுவேன்?